சென்னை வீட்ல சின்னதா ஒரு ரீஃப் டேங்க் வைக்கணும்னா

யாராச்சும் என்கிட்ட வந்து ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளக்குற உப்புத்தண்ணி டேங்க் வைக்கலாம்னு இருக்கேன்னு சொன்னா நான் மொத கேக்குறது, வீட்ல ஏசி எந்த ரூம்ல இருக்குன்னுதான். பட்ஜெட் என்ன, என்ன மீன் புடிக்கும், இதெல்லாம் அப்புறம். பவளத்துக்கு 25, 26 டிகிரி தண்ணி வேணும், 28 வரைக்கும் முனகிக்கிட்டே தாங்கும். நம்ம ஊர்ல மே மாசம் மத்தியானம் மூணு மணிக்கு ஹால்ல தெர்மாமீட்டர் வச்சு பாருங்க, 33, 34 காட்டும். தண்ணியும் சாயந்தரத்துக்குள்ள கிட்டத்தட்ட அங்கதான் வந்து நிக்கும்.

மன்னார் வளைகுடாவுல 2010லயும் 2016லயும் கடல் சூடாகி பவளம் கூட்டம் கூட்டமா வெளுத்துப் போச்சு, படிச்சிருப்பீங்க. பவளத்தோட உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு, வெளிச்சத்த வச்சு அது சமைச்சுப் போடுற சாப்பாட்டுலதான் பவளம் முக்காவாசி பொழைக்குது. சூடு ஏறுனா அந்தப் பாசிய பவளமே வெளிய தள்ளிடும், நிறம் போயி வெள்ளையா நிக்கும், அப்புறம் பட்டினி. கடல் அவ்ளோ பெருசு, அதுக்கு அப்படி சூடாக வாரக்கணக்குல ஆகும். உங்க வீட்டு 80 லிட்டர் தொட்டிக்கு ஒரு மத்தியானம் போதும். அதனால இந்தக் கட்டுரைல சூட்டப் பத்தியும் தண்ணியப் பத்தியும் கொஞ்சம் ஓவராவே பேசுவேன், மீனப் பத்தி கம்மியாதான் பேசுவேன், கோச்சுக்காதீங்க.

செலவையும் இப்பவே சொல்லிடுறேன். எனக்கு மொத ஆறு மாசத்துல 40,000 தாண்டிருச்சு, அதுல மீனுக்குன்னு போனது 2,000 கூட இருக்காது. நல்ல தண்ணி டேங்க் வச்சு பழகுனவங்க, கப்பி, கோல்ட்ஃபிஷ் வளத்த கணக்க மனசுல வச்சுக்கிட்டு இதுக்குள்ள வராதீங்க, இது வேற கணக்கு.

எத வாங்கக்கூடாது

கடைக்குப் போறதுக்கு முன்னாடி சட்டம் ஒரு நிமிஷம். கல்லு மாதிரி எலும்புக்கூடு கட்டுற கெட்டிப் பவளம் எல்லாமே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல மொத அட்டவணைல வருது, அதாவது புலிக்கு இருக்குற அதே அட்டவணை. கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை இதெல்லாமும் அந்தச் சட்டத்துல வருது. ராமேஸ்வரத்துல மாமா இருக்காரு, கரைல ஒதுங்கின செத்த பவளத்துண்டுதானே, ரெண்டு கல்லு பையில போட்டு எடுத்துட்டு வர்றேன்னு கெளம்பாதீங்க, செத்ததும் சேத்திதான். அந்தப் பக்கம் ஒரு காலத்துல சுண்ணாம்புக்காக பவளத்த வண்டி வண்டியா வெட்டி எடுத்தாங்க, கடைசில 21 தீவுல ரெண்டு தண்ணிக்குள்ள போயிருச்சு, வெட்டினதும் அதுக்கு ஒரு காரணம்.

அப்போ எதத்தான் வைக்கிறது? மஷ்ரூம், ஜோவா, லெதர், ஜீனியா மாதிரி மெத்து பவளங்க. புதுசா வர்றவங்களுக்கு சட்டம் இல்லாட்டியும் நான் இதத்தான் சொல்லுவேன், கொஞ்சம் தப்பு பண்ணாலும் மன்னிக்கும், நல்லா அசைஞ்சு ஆடி பாக்கவும் அழகா இருக்கும். எதுவா இருந்தாலும் எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்க, பில் கேளுங்க, தரமாட்டேன்னா அடுத்த கடை.

தொட்டி, ஸ்டாண்டு, எடம்

சின்னதா ஆரம்பிக்கிறேன்னு ஒரு அடி தொட்டி வாங்குறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. தண்ணி கம்மியா இருந்தா சூடும் சீக்கிரம் ஏறும், உப்பும் சீக்கிரம் ஏறும், ஒரு நத்தை செத்தா மொத்த தொட்டியும் நாறிடும். ரொம்ப பெருசும் வேணாம். 24 இன்ச் நீளம், 16 அகலம், 16 உயரம், இது நல்ல அளவு. முழுசா ரொப்புனா 100 லிட்டர், கல்லும் மண்ணும் போட்டு மேல ரெண்டு இன்ச் விட்டா உண்மைல 80 லிட்டர் தண்ணி நிக்கும். கண்ணாடி 8 எம்எம் சொல்லுங்க. கொளத்தூர் பக்கம் போனீங்கன்னா சொன்ன அளவுக்கு ஒட்டிக் குடுக்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பால்கனியில வச்சு சாதா தண்ணி ரொப்பி ஒரு நாள் ஃபுல்லா விட்டுப் பாருங்க, கீழ நியூஸ்பேப்பர் போட்டு வச்சா லேசா கசிஞ்சாலும் காட்டிக்குடுத்துரும்.

தண்ணி, கண்ணாடி, கல்லு எல்லாம் சேந்து 140 கிலோ கிட்ட வரும். பழைய டிவி ஸ்டாண்டு, கம்ப்யூட்டர் டேபிள் எல்லாம் வேலைக்காகாது. ப்ளைவுட்டு உப்புத்தண்ணி பட்டுப் பட்டு ஊதிக்கும், இரும்பு ஸ்டாண்டுனா நல்லா பவுடர் கோட்டிங் பண்ணது வேணும், இல்லேன்னா ஒரே வருஷத்துல துரு. தொட்டிக்கு அடில ஒரு ஃபோம் ஷீட்டு, மேல ரசமட்டம் வச்சுப் பாத்துட்டு அப்புறம் தண்ணி. ஜன்னல் வெயில் நேரா விழாத எடமா இருக்கணும், ப்ளக் பாயிண்ட்டு கிட்ட இருக்கணும், ஆனா ப்ளக்குக்கு நேர் கீழ வேணாம்.

கரண்ட் சமாச்சாரத்துல ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. எந்த வயரும் தொட்டில இருந்து நேரா ப்ளக்குக்கு போகக்கூடாது, கீழ தொங்கி ஒரு வளைவு போட்டு மேல ஏறணும், அப்பதான் வயர் வழியா வழியிற தண்ணி அந்த வளைவுல சொட்டி தரைல விழும், சாக்கெட்டுக்குள்ள போகாது. வீட்டு மெயின்ல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இல்லேன்னா எலக்ட்ரீஷியன கூப்ட்டு மொத அத போடுங்க. உப்புத்தண்ணில கரண்ட் நல்லாவே பாயும், நீங்க கைய உள்ள விட்டுத்தான் வேல பாக்கப் போறீங்க.

கூடவே வேணுங்கறது: தண்ணிய சுழட்டி விட ஒரு வேவ்மேக்கர் (மணிக்கு 2,000ல இருந்து 3,000 லிட்டர் தள்றது போதும்), பின்னாடி தொங்கவிடுற ஃபில்டர் ஒண்ணு, நீலமும் வெள்ளையும் தனித்தனியா கூட்டிக் கொறைக்கிற எல்இடி லைட்டு, தெர்மாமீட்டர், உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர், தண்ணில அமோனியா, நைட்ரேட் பாக்குற டெஸ்ட் கிட்டு. சம்ப் வேணுமான்னு கேப்பீங்க, அதாவது வாசல்ல மூடி போட்டு வச்சிருக்கமே அந்த சம்ப் இல்ல, மீன் தொட்டிக்கு கீழ வைக்கிற இன்னொரு தொட்டி. இந்த அளவுக்கு வேணாம். கழிவ நுரையா பிரிச்சு எடுக்குற ஸ்கிம்மரும் மொத வருஷம் வேணாம், வாரா வாரம் தண்ணி மாத்துனாலே போதும். ஹீட்டர் சென்னைக்கு வேணவே வேணாம், அந்தக் காச ஃபேனுக்கு ஒதுக்குங்க. ஊட்டி, கொடைக்கானல்காரங்க மட்டும் வாங்கிக்குங்க, உங்களப் பாத்தா பொறாமையா இருக்கு.

தண்ணி

முக்காவாசி பேர் இங்கதான் விழறாங்க. நம்ம வீட்டு போர் தண்ணி டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு, தாது எல்லாத்தோட அளவு) 1,400 காட்டுது, லாரி தண்ணி கொஞ்சம் பரவால்ல, மெட்ரோ தண்ணில குளோரின். இது எதுவும் நேரா ஆகாது. ரீஃப் டேங்குக்கு டிடிஎஸ் 0 வேணும், உப்பு பாக்கெட்டுல என்னென்ன இருக்கணுமோ அதெல்லாம் ஏற்கனவே கணக்கா இருக்கு, அதுக்கு மேல நம்ம தண்ணில இருந்து நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட்டு, செம்புன்னு ஒண்ணும் வரக்கூடாது.

வீட்ல ஆர்ஓ இருக்கே, அது போதாதான்னு நானும் நெனச்சேன். பேனா மாதிரி இருக்கும் பாருங்க டிடிஎஸ் மீட்டர், அத கிளாஸ்ல விட்டா 62. குடிக்கிற மெஷின்ல ருசிக்காக கொஞ்சம் பழைய தண்ணிய திரும்பக் கலந்து விடுற செட்டிங் இருக்கும், அதான் விஷயம். அத மூடிட்டா 20, 30க்கு எறங்கும், அதுக்கப்புறம் மிச்சம் கரைஞ்சிருக்கறதயும் புடிச்சுக்குற டிஐ ரெசின் குடுவை ஒண்ணு மாட்டுனா 0. ரெசின் தீந்துட்டா மீட்டர் 2, 3ன்னு ஏற ஆரம்பிக்கும், மாத்திடுங்க. ஆர்ஓல ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் வரைக்கும் வெளிய போகும், அத வாளியில புடிச்சு தரை தொடைக்க, பாத்ரூம் கழுவன்னு விட்டுருங்க, கீழ் வீட்டுக்காரங்க மூஞ்ச பாக்க முடியலேன்னா இதான் வழி.

இருபது லிட்டர் கேன் தண்ணி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், நம்பாதீங்க. ஏசில சொட்டுற தண்ணி சுத்தமாதானே இருக்குன்னு ஒருத்தர் புடிச்சு ஊத்துனாரு, ஏசி உள்ள இருக்குறது செம்புக் குழாய், செம்பு ஒரு துளி போதும் நத்தை, எறால், பவளம் எல்லாம் காலி. மெரினாவுல போய் மொண்டுட்டு வர்ற ஐடியா உங்களுக்கும் வரும், எல்லாருக்கும் வரும். கூவம், அடையாறு ரெண்டும் எங்க போய் கலக்குதுன்னு யோசிச்சுப் பாத்துட்டு அந்த ஐடியாவ அங்கயே விட்டுருங்க.

உப்பு கலக்குறது ரீஃப் சால்ட்டுன்னு விக்கிற உப்புலதான். சமையல் உப்பு, கல்லுப்பு கூடாது, அதுல கிட்டத்தட்ட எல்லாமே சோடியம் குளோரைடுதான், பவளத்துக்கு கால்சியம், மெக்னீசியம் எல்லாம் வேணும். கணக்கு லிட்டருக்கு 37, 38 கிராம், 80 லிட்டருக்கு சுமாரா 3 கிலோ, பாக்கெட்டுக்கு பாக்கெட் மாறும், பின்னாடி எழுதிருக்கறத பாருங்க. மொத தண்ணிய எடுத்து அதுல மோட்டார ஓட விட்டு, உப்ப கொஞ்சம் கொஞ்சமா தூவணும். உப்ப மொத வாளில கொட்டி மேல தண்ணி ஊத்துனா கால்சியம் சுண்ணாம்பா மாறி அடியில வெள்ளையா படிஞ்சிடும், அப்புறம் எவ்ளோ கலக்குனாலும் கரையாது. ஒரு நாள் ஓட விட்டுட்டு ரிஃப்ராக்டோமீட்டர்ல ரெண்டு சொட்டு விட்டு வெளிச்சத்துல பாருங்க, நீலமும் வெள்ளையும் சேர்ற கோடு 35ல நிக்கணும், இல்ல 1.026. அந்த மீட்டர 35 சொல்யூஷன்னு ஒரு சின்ன பாட்டில் விக்குது, அத வச்சு செட் பண்ணிக்குங்க. நான் ரெண்டு மாசம் செட் பண்ணாம 35னு நெனச்சு 31ல ஓட்டிட்டு இருந்தேன்.

கல்லும் மண்ணும்

கல்லுதான் இந்த தொட்டியோட ஃபில்டர், அழகுக்குன்னு நெனைக்காதீங்க. ஓட்டை ஓட்டையா இருக்குற செயற்கை ரீஃப் கல்லு, செராமிக்ல செஞ்சது கிடைக்குது, 8ல இருந்து 10 கிலோ போதும். கல்ல மொத வெறும் கண்ணாடி மேல வைங்க, அப்புறம் மண்ணு. மண்ணு மேல கல்லு வச்சா அடியில ஏதாச்சும் குழி பறிச்சு ஒரு நாள் ராத்திரி டமால்னு சாயும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல நாலு வெரல் எடம் விடுங்க, பாசி சொரண்ட கை போகணும்ல. செவுரு மாதிரி அடுக்காம ரெண்டு குன்று மாதிரி, நடுவுல தண்ணி பூந்து போற மாதிரி.

மண்ணு அரகனைட்டுன்னு கேட்டு வாங்குங்க, ஒரு இன்ச் ஒசரம். ஆத்து மணல், எம் சாண்டு, வீடு கட்ட வந்ததுல மிச்சம், இதெல்லாம் வேணாம்.

நாறுற மாசம்

கல்லு போட்டாச்சு, உப்புத்தண்ணி ஊத்தியாச்சு, மோட்டார் ஓடுது, பாக்க கண்ணாடி மாதிரி இருக்கு. இந்த நேரத்துல மீன் வாங்கிட்டு வர கை துறுதுறுன்னு இருக்கும். வேணாம். இப்ப அதுக்குள்ள மீன் விட்டா அதோட கழிவுல வர்ற அமோனியாவுலயே அது வெந்து சாகும். அமோனியாவ நைட்ரைட்டா மாத்த ஒரு பாக்டீரியா, நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்த இன்னொரு பாக்டீரியா, ரெண்டும் அந்தக் கல்லோட ஓட்டைல குடி வந்து பெருகணும். அதுக்கு நாலுல இருந்து ஆறு வாரம். இதத்தான் சைக்கிள்னு சொல்றாங்க.

பாக்டீரியாவுக்கு தீனி வேணும். அமோனியம் குளோரைடு சொட்டு பாட்டில் வாங்கி தண்ணில 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வர்ற மாதிரி விட்டா சுத்தமான வழி. நான் சிக்கனம் பாத்து மார்க்கெட்ல ஒரு எறா வாங்கிட்டு வந்து, ஒரு பழைய காலுறைத் துணில கட்டி தொட்டில தொங்க விட்டேன். மூணாவது நாள் அந்த எறா மேல வெள்ளையா பஞ்சு மாதிரி பூத்துச்சு, அஞ்சாவது நாள் கால் எல்லாம் கழண்டு துணிக்குள்ள கஞ்சி மாதிரி ஆயிருச்சு. அம்மா காலைல எழுந்து வந்து, "டேய், என்னடா வீடே மீன் மார்க்கெட் மாதிரி நாறுது"ன்னு கேட்டாங்க. விஷயத்த சொன்னேன். "தொக்கு வச்சிருந்தா வாயிலயாச்சும் போயிருக்கும்"னு சொல்லிட்டு ரெண்டு நாள் ஹால் பக்கமே வரல. அதனால சொல்றேன், சொட்டு பாட்டிலே வாங்கிக்குங்க.

ரெண்டு நாளுக்கு ஒரு தடவ டெஸ்ட் பண்ணி நோட்டுல எழுதுங்க. மொத அமோனியா ஏறும், அப்புறம் அது எறங்க எறங்க நைட்ரைட் ஏறும், அதுவும் எறங்கி நைட்ரேட் மட்டும் நிக்கும். திரும்ப 2 பிபிஎம் அமோனியா விட்டு 24 மணி நேரத்துல அமோனியா, நைட்ரைட் ரெண்டும் 0 வந்துச்சுன்னா தொட்டி ரெடி. பாட்டில் பாக்டீரியா வேலை செய்யுமான்னா, சிலது சீக்கிரமாக்கும், ஆனா டெஸ்ட் கிட்டு சொல்றதத்தான் கேக்கணும், பாட்டில் மேல ஒட்டிருக்கறத இல்ல. "இத ஊத்துங்க தம்பி, நாளைக்கே மீன் விடலாம்"னு ஒரு கடைல சொன்னத கேட்டு நான் விட்ட மொத ரெண்டு மீனும் நாலு நாள்தான் இருந்துச்சு.

சைக்கிள் முடிஞ்சதும் மண்ணு மேல, கல்லு மேல காஃபி பொடி தூவுன மாதிரி பழுப்பா படியும். டயட்டம்னு ஒரு வகைப் பாசி அது. எல்லாருக்கும் வரும், ரெண்டு மூணு வாரத்துல தானா போகும், அதுக்குன்னு மருந்து எதுவும் ஊத்திடாதீங்க. பாதி தண்ணிய மாத்துங்க, நைட்ரேட் கொறஞ்சிடும்.

உள்ள யார விடுறது

மொத நத்தை. டர்போ ரெண்டு, நாசேரியஸ் மூணு நாலு. நாசேரியஸ் நாள் ஃபுல்லா மண்ணுக்குள்ள பொதஞ்சு கிடக்கும், மேல தும்பிக்கை மாதிரி ஒண்ணு மட்டும் நீட்டிட்டு இருக்கும், தண்ணில சாப்பாடு விழுந்த பத்தாவது செகண்டு செத்தவன் எழுந்து வர்ற மாதிரி மண்ண பொளந்துட்டு வரும். முக்கியமா அதுக்காகவே வாங்கலாம்.

ரெண்டு வாரம் கழிச்சு க்ளவுன் மீன் ஜோடி. இது நம்ம ஊர்லயே குஞ்சு பொரிச்சு வளத்தது கிடைக்குது, மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐக்காரங்களும் (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) பரங்கிப்பேட்டைல அண்ணாமலை யுனிவர்சிட்டி கடல் உயிரியல் மையத்துலயும் இத வளக்குற வித்தைய ரொம்ப நாளா பண்ணிட்டு இருக்காங்க. கடல்ல புடிச்சத விட வளத்தது தொட்டிக்கு பழகினது, பெல்லட் சாப்புடும், நோயும் கம்மி. ரெண்டும் சின்னதா, அதுல ஒண்ணு மட்டும் லேசா பெருசா பாத்து வாங்குங்க. க்ளவுன் எல்லாமே ஆம்பளையாத்தான் ஆரம்பிக்கும், ரெண்டுல எது அடாவடி பண்ணி பெருசாகுதோ அது பொம்பளையா மாறிடும், சின்னது அதுக்கு முன்னாடி உடம்ப வெடவெடன்னு ஆட்டி கும்புடு போட்டுட்டு திரியும். அதுக்கு அனிமோன் (கடல் சாமந்தி) கட்டாயம் இல்ல. புது தொட்டில அனிமோன் விட்டா நிக்காம நகந்து நகந்து போயி வேவ்மேக்கர்ல மாட்டி அரைபட்டு மொத்த தொட்டியவும் விஷமாக்கும், ஒரு வருஷம் போகட்டும்.

80 லிட்டருக்கு க்ளவுன் ரெண்டு, கூட ஒரு சின்ன கோபி மீன், ஒரு க்ளீனர் எறா. அவ்ளோதான், அஞ்சாவதா ஒண்ணு வேணவே வேணாம். நீல டாம்செல் மீன் மலிவா இருக்கும், கடைக்காரர் அதத்தான் மொத காட்டுவாரு. அது வளந்தா ரவுடி, மத்த எல்லாத்தையும் மூலைல ஒதுக்கிடும், அத திரும்பப் புடிக்க மொத்த கல்லையும் வெளிய எடுக்கணும். மாண்டரின் மீன் அழகுக்கு மயங்காதீங்க, கல்லுல ஓடுற பொடிப் பூச்சிய மட்டும் நாள் ஃபுல்லா தின்னுட்டே இருக்கும், சின்ன தொட்டில ஒரு மாசத்துல தின்னு தீத்துட்டு எலும்பா செத்துப்போகும். டாங் வகை மீனுக்கு நீச்சலடிக்க ஆறு அடி தொட்டி வேணும்.

வாங்கிட்டு வந்த பைய அப்படியே கவுக்காதீங்க. 20 நிமிஷம் பைய மூடி தொட்டில மெதக்க விடுங்க, சூடு சமமாகும். அப்புறம் பைய ஒரு டப்பாவுல கொட்டி, தொட்டில இருந்து சலைன் ஏத்துற மாதிரி ஒரு மெல்லிசு ட்யூப் போட்டு அதுல ஒரு முடிச்சு லேசா, செகண்டுக்கு ரெண்டு மூணு சொட்டு விழற மாதிரி. மீனுக்கு அர மணி நேரம், எறாவுக்கு ஒரு மணி நேரம். மீன வலைல எடுத்து விட்டுட்டு அந்தத் தண்ணிய சிங்க்ல ஊத்திடுங்க, கடைத் தண்ணி ஒரு சொட்டு கூட உள்ள போக வேணாம்.

வசதி இருந்தா ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா, ஒரு ஃபில்டர், ஒளிஞ்சுக்க ஒரு பிவிசி எல்போ, இத வச்சு புது மீன ஒரு மாசம் தனியா வைங்க. கோலப்பொடி தெளிச்ச மாதிரி ஒடம்புல வெள்ளைப் புள்ளி வந்தா அது இக்குன்னு ஒரு ஒட்டுண்ணி நோய், அதுக்கு செம்பு மருந்து உண்டு, ஆனா அத பவளம் இருக்குற தொட்டில ஊத்தவே கூடாது. பெரிய தொட்டில இக்கு வந்துட்டா மீன் எல்லாத்தையும் வெளிய எடுத்து வைத்தியம் பாத்துட்டு, தொட்டிய ரெண்டரை மாசம் மீனே இல்லாம விடணும். அந்தக் கொடுமைக்கு டப்பாவே மேல்.

பவளம்

தொட்டி ஓட ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசம் ஆகட்டும். மொத ஒரே ஒரு மஷ்ரூம், கீழ, வெளிச்சமும் ஓட்டமும் கம்மியா இருக்குற எடத்துல. அது விரிஞ்சு தட்டு மாதிரி நின்னா ரெண்டு வாரம் கழிச்சு ஜோவா, அது நடு மட்டத்துல. லெதர் கொஞ்சம் மேல, நல்லா தண்ணி அடிக்கிற பக்கம். லெதர் திடீர்னு சுருங்கி மேல மெழுகு மாதிரி தோல் கட்டி ஒரு வாரம் கெடக்கும், செத்துருச்சுன்னு தூக்கிப் போட்டுறாதீங்க, அது சட்டைய உரிச்சுக்கிட்டு இருக்கு. லைட்டு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மொத வாரம் பாதி வெளிச்சத்துல வச்சு மெல்ல ஏத்துங்க.

ஜோவாவுல ஒரு ஆபத்து இருக்கு, இத எந்தக் கடைலயும் எனக்கு யாரும் சொல்லல. அதுலயும் அதோட சொந்தக்காரன் பாலித்தோவாலயும் பாலிடாக்சின்னு ஒரு கடுமையான விஷம் இருக்கலாம். கைல வெட்டுக் காயத்தோட தொடாதீங்க, கிளவுஸ், கண்ணாடி போட்டுக்குங்க, வெட்டும்போது மூஞ்சில பீச்சியடிக்கும். அது ஒட்டியிருக்குற கல்ல சுத்தம் பண்றேன்னு வெந்நீர்ல கொதிக்க மட்டும் வச்சுடாதீங்க, ஆவியில விஷம் ஏறி வீடே ஆஸ்பத்திரிக்குப் போன கதையெல்லாம் வெளிநாட்டுல நடந்திருக்கு.

மெத்து பவளத்துக்கு தனியா கால்சியம் ஊத்துற வேல இல்ல. வாரத்துக்கு 8, 10 லிட்டர் புது உப்புத்தண்ணி மாத்துனா ஆல்கலினிட்டி (தண்ணி புளிப்பாகாம புடிச்சு வைக்கிற சக்தி) 8, 9, கால்சியம் 420 கிட்ட தானா நிக்கும். நைட்ரேட் சுத்தமா 0 ஆகணும்னு வெறி புடிச்சு அலையாதீங்க, 5, 10 இருந்தாத்தான் இதுங்க கொழுகொழுன்னு இருக்கும்.

வெயில்

திரும்ப மொதல்ல ஆரம்பிச்ச எடத்துக்கு வந்துட்டோம். தொட்டிய மூடாம மேல சின்ன ஃபேன் ரெண்டு தண்ணி மேல அடிக்கிற மாதிரி வச்சா, தண்ணி ஆவியாகிப் போகும்போது சூட்டயும் கொண்டு போகும், ரெண்டுல இருந்து நாலு டிகிரி எறங்கும். மதுரை, கோயம்புத்தூர் மாதிரி காத்து காஞ்ச ஊர்ல இது அருமையா வேல செய்யும். சென்னைல காத்துலயே தண்ணி இருக்கு, துணியே காய மாட்டேங்குது, தொட்டி எங்க காயும். புழுக்கமா இருக்குற நாள்ல ஃபேன் ஒரு டிகிரிக்கு மேல எறக்காது. அப்ப ரெண்டே வழி, ஏசி ரூம்ல தொட்டி, இல்லேன்னா தண்ணிய குளுர வைக்கிற சில்லர் மெஷின். சில்லர் வாங்குனா அது விடுற அனல் காத்து அதே ரூம்ல சுத்தாத மாதிரி வைங்க, இல்லேன்னா தொட்டி குளுரும், நீங்க வேகுவீங்க.

லைட்ட மத்தியானம் போடாம சாயந்தரம் நாலு மணில இருந்து ராத்திரி பன்னண்டு வரைக்கும் ஓட விடுங்க, ஆபீஸ் விட்டு வந்து பாக்கவும் வசதி. அவசரத்துக்கு ஃப்ரீசர்ல ரெண்டு வாட்டர் பாட்டில் ஐஸா வச்சிருங்க, மூடியோட அப்படியே மெதக்க விடலாம்.

ஃபேன் ஓடுனா ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் தண்ணி கொறையும். ஆவியானது வெறும் தண்ணி, உப்பு உள்ளயே இருக்கு. அதனால கொறஞ்ச அளவுக்கு உப்பு இல்லாத ஆர்ஓ டிஐ தண்ணிதான் ஊத்தணும். எத்தன தடவ சொன்னாலும் யாராச்சும் ஒருத்தர் கொறஞ்சதுக்கு உப்புத்தண்ணிய ஊத்திட்டு, ரெண்டு வாரம் கழிச்சு உப்பு 40ல நிக்குது, பவளம் மூடிக்கிச்சுன்னு போன் பண்றாங்க. கண்ணாடில மார்க்கர்ல ஒரு கோடு போட்டு தினமும் காலைல அந்தக் கோடு வரைக்கும் ஊத்துங்க, இல்ல கொறஞ்சா தானா ரொப்புற ஆட்டோ டாப்பப் ஒண்ணு மாட்டிருங்க.

கரண்ட் கட். போன மே மாசம் காலைல ஒம்போது மணிக்குப் போன கரண்ட் சாயந்தரம்தான் வந்துச்சு, நான் ஆபீஸ்ல இருந்தேன், வீட்டுக்கு வந்து பாத்தா தெர்மாமீட்டர் 31.5, க்ளவுன் ரெண்டும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடிட்டு இருந்துச்சு. சூடான தண்ணில ஆக்சிஜன் கம்மி, ஓட்டமும் நின்னுட்டா மீனுக்கு மூச்சு முட்டும், சூட்டுல சாகுறதுக்கு முன்னாடி அதுலதான் சாகும். எறா அன்னைக்கு போயிருச்சு. அடுத்த நாளே வேவ்மேக்கர் ப்ளக்க வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல மாத்துனேன். அது இழுக்கறதே 10 வாட்டு, ஒரு ட்யூப்லைட்ட விட கம்மி, நாள் ஃபுல்லா ஓடும். இன்வெர்ட்டர் இல்லாதவங்க பேட்டரில ஓடுற சின்ன ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி ட்ராயர்ல போட்டு வைங்க, கூடவே அதுக்கு பேட்டரி செல்லையும்.

மத்தபடி தினசரி வேல பத்து நிமிஷம்தான். தெர்மாமீட்டர் பாக்குறது, தண்ணி ரொப்புறது, ரெண்டு கிள்ளு சாப்பாடு, கண்ணாடி ஓரத்துல பூத்துருக்குற உப்ப ஈரத்துணியால தொடைக்கிறது. கைய உள்ள விடுறதுக்கு முன்னாடி சோப்பு, சானிடைசர், தேங்காண்ண எதுவும் இல்லாம வெறும் தண்ணில நல்லா கழுவிட்டு விடுங்க. தொட்டி இருக்குற ரூம்ல கொசு மருந்து ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, கொசுவக் கொல்ற அதே மருந்து எறாவையும் கொல்லும், வலை போட்டுக்குங்க.

பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகணும்னா மீன் மூணு நாலு நாள் சாப்புடாமயே இருக்கும், ஒண்ணும் ஆகாது. அதுக்கு மேல போறதா இருந்தா பேப்பர்ல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்ன பொட்டலமா மடிச்சு வச்சு, இதுக்கு மேல போடக்கூடாதுன்னு சொல்லிட்டு, சாப்பாட்டு டப்பாவ எங்கயாச்சும் ஒளிச்சு வச்சுட்டுப் போங்க. பாவம் பசிக்குதே, கண்ணாடில வந்து வந்து முட்டுதேன்னு வீட்ல இருக்கறவங்க அள்ளிப் போட்டுருவாங்க, நீங்க திரும்பி வர்றப்ப பாசி புடிச்சு பச்சைப் பசேல்னு இருக்கும். நான் டப்பாவ பீரோவுக்கு மேல சூட்கேஸுக்குப் பின்னாடி வைப்பேன். எங்கம்மாவுக்கு அந்த எடம் எப்பவோ தெரிஞ்சு போச்சு.